வலது காலுக்கு வாரண்டி இல்லை

வஜ்ரபாகு மோட்டார்ஸ் தயாரித்த வண்டிகளில் இதுவரை ஒரு பழுதுகூட வந்ததில்லை. இதை அந்த நிறுவனமே சொல்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையில், அதன் சர்வீஸ் சென்டர் வாசலில், பத்தடிப் பலகையில் எழுதியும் வைத்திருக்கிறது. பலகைக்குக் கீழே எந்நேரமும் முப்பது நாற்பது வண்டிகள் நின்றுகொண்டிருக்கும். அவை பழுதாகி நிற்கவில்லை, ஓட்டத் தெரியாதவர்கள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று உள்ளே விளக்குவார்கள். விளக்கம் புரியாதவர்களுக்கு அடி விழும். புரிந்தவர்களுக்கும் விழும், கொஞ்சம் குறைவாக.

முனிவேலுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் ஊத்தங்கரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து போச்சம்பள்ளி சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். பதினேழு வருஷ சர்வீஸில் அவன் வண்டியில் அடிபட்டது ஒரே ஒரு கோழி. அதுவும் பிழைத்துக்கொண்டது. காலையில் ஏறுகிற முப்பத்தெட்டுப் பெண்களும் சாயங்காலம் அதே கை கால்களோடு இறங்க வேண்டும், தன் வலது காலுக்கு ஆயுசு முழுக்க வேலை இருக்க வேண்டும். கடவுளிடம் அவன் கேட்டது இவ்வளவுதான். கடவுளும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார், ஆயுத பூஜை வரைக்கும்.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாவது திங்கள்கிழமை, காலை ஆறேகால் மணி. மத்தூர் தாண்டி ஒரு மேடு. முனிவேல் ஆக்சிலேட்டரை மிதித்தான். எஞ்சின் கேட்கவில்லை. இன்னும் மிதித்தான். முன்பலகையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, எஞ்சின் வயிற்றுவலிக்காரன் போல முனகிக்கொண்டு கிடந்தது. பெடல் அடித்தட்டைத் தொட்டுவிட்டது. இனி மிதிக்க வேண்டுமென்றால் தார் ரோட்டைத்தான் மிதிக்க வேண்டும். பின்னால் எம்-சாண்ட் ஏற்றிவந்த டிப்பர், முன்னால் போகும் பஸ் இப்படி நடுமேட்டில் செத்துப்போகும் என்று எதிர்பார்க்கவில்லை. வந்த வேகத்தில் முதுகில் இடித்தது.

பின்கண்ணாடி மொத்தமும் உள்ளே கொட்டியது. கடைசி சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த ரஞ்சிதாவுக்குத் தோள்பட்டை முறிந்தது. முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில் எப்போதும் உட்கார்ந்து வருகிற மாதேஸ்வரிக்கு முன்பல் ஒன்று கம்பியில் பட்டுப் போயிற்று. அவள் வாயைப் பொத்திக்கொண்டு இறங்குவதற்குள் டிப்பர்காரன் முனிவேலின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து முதல் அறையைக் கொடுத்துவிட்டான்.

"மேட்டுல வந்து நிறுத்துறியே, உனுக்கு அறிவுகீதாடா?"

"மெதிச்சங்க. முழுசா மெதிச்சன். அது கேக்கல."

இந்தப் பதில் யாருக்கும் பிடிக்கவில்லை. தகவல் தெரிந்து பைக்கில் வந்த புருஷன்மார் நான்கு பேர் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள். கடைசியாக வந்த போலீஸ்காரர், எதையும் முறைப்படி செய்ய வேண்டும் என்பதால், முதலில் அடித்துவிட்டுப் பிறகு பெயரைக் கேட்டார். "யோவ், நான் பாத்தன்யா! அடித்தட்டே வளையற மாதிரி மெதிச்சாரு அந்தாளு!" என்று மாதேஸ்வரி ரத்தம் தெறிக்கக் கத்தினாள். பெண்பிள்ளை பயத்தில் உளறுகிறாள் என்று எழுதிக்கொண்டார்கள்.

பஸ் காண்ட்ராக்டர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். சர்வீஸ் சென்டர் சான்றிதழ் இல்லாமல் வண்டியும் இல்லை, வேலையும் இல்லை. வெளி மெக்கானிக் யாராவது கை வைத்தால் வாரண்டி போய்விடும். ஆகவே முனிவேல் வீங்கிய முகத்தோடு வஜ்ரபாகுவின் பலகைக்கு அடியில் போய் நின்றான்.

அங்கே எலக்ட்ரீசியனாக இருந்தவள் ரூபா. உத்தனப்பள்ளிக்காரி, பத்து வருஷ அனுபவம், இரண்டு பிள்ளைகளின் அம்மா. வஜ்ரபாகுவில் தப்பித்தவறி வேலை தெரிந்த ஒரே ஆள் அவள்தான். ஸ்கேனரை மாட்டினாள், இரண்டு நிமிஷம் பார்த்தாள், பெடலுக்கு அடியில் குனிந்து கனெக்டரைக் கழற்றினாள்.

"இங்க பாருங்கண்ணா. பெடலுக்குள்ள ரெண்டு சென்சார் இருக்குது. நீங்க எவ்ளோ மெதிக்கிறீங்கன்னு ரெண்டும் தனித்தனியா கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒண்ணு ரெண்டு வோல்ட்டுன்னா இன்னொண்ணு சரிபாதி, ஒரு வோல்ட்டு. ரெண்டு பேச்சும் ஒத்துப்போனாத்தான் டீசல் உடும். மாத்திப் பேசுச்சுன்னா ரெண்டையும் நம்பாது. நீங்க ஏறி நின்னு மெதிச்சாலும் எஞ்சின் சும்மா முனகிக்கினு கெடக்கும்."

"மாத்திப் பேசுதுங்களாம்மா?"

"பேசாம என்ன பண்ணும்?" அவள் கனெக்டரை வெளிச்சத்தில் காட்டினாள். செம்புப் பின்களில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. அதன் மேல் மஞ்சள், அதன் மேல் குங்குமம், ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒரு சாமந்தி இதழ். "அரை மணி நேர வேலைண்ணா. பெடலும் கனெக்டரும் புதுசா மாட்டிட்டா முடிஞ்சுது."

விஷயம் இதுதான். எல்லா ஊரிலும் ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் வைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். வஜ்ரபாகு சர்வீஸ் மேனேஜர் பிரதாப்புக்கு அது போதவில்லை. மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர், பக்தியிலும் பதவியிலும் ஒருபடி மேலே போக வேண்டும் என்ற ஆசை உள்ளவர். ஒரு வண்டியில் உண்மையான ஆயுதம் எது? ஆக்சிலேட்டர் பெடல்தான். எனவே அன்று யார்டில் நின்ற அறுபத்து நான்கு வண்டிகளின் பெடல்களுக்கும் குடம் குடமாக மஞ்சள் தண்ணீரும் பாலும் பன்னீரும் அபிஷேகம் செய்ய வைத்தார். சர்வீஸுக்கு வந்திருந்த முனிவேலின் பஸ்ஸும் அதில் ஒன்று. தலைமை அலுவலகம் இதைப் பாராட்டி அவருக்கு ஒரு கேடயம் அனுப்பியிருந்தது.

ரூபா கனெக்டரைக் கொண்டுபோய் அந்தக் கேடயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். பிரதாப் அதைப் பார்த்த பார்வையில் களிம்பே கருகியிருக்கும்.

"பாரும்மா. வண்டிக்கு வாரண்டி இருக்கு. வாரண்டி உள்ள பொருள்ல பழுதுன்னா நாம மாத்திக் குடுக்கணும். மாத்திக் குடுத்தா பழுது இருந்துச்சுன்னு ஆகிப்போகும். அப்புறம் வாசல்ல இருக்க போர்டை என்ன செய்ய? போர்டை மாத்தணும்னா தலைமை ஆபீஸ்ல பர்மிசன் வாங்கணும். இந்தாளு காலை மாத்தணும்னா யார்ட்டயும் கேக்க வேண்டியதில்ல. எது சுளுவு, நீயே சொல்லு."

"சார், மஞ்சத்தண்ணி உள்ள போயிருக்குது. நாமதான ஊத்தினோம்."

"அது பக்தி. பக்தியில பழுது வருமா? நீ யாரைக் குத்தம் சொல்ற, என்னையவா, சாமியவா?" அவர் முனிவேலின் பக்கம் திரும்பினார். "பெடலுக்கு வாரண்டி இருக்கு. உன் காலுக்கு இருக்காய்யா?"

முனிவேல் யோசித்துப் பார்த்தான். அப்படி எதுவும் கொடுத்ததாக அவனுக்கு நினைவில்லை. "இல்லீங்க" என்றான்.

"அப்பப் பழுது அதுலதான்."

சர்வீஸ் சென்டரின் பின்கட்டில் கால் ஒழுங்குப் பிரிவு இருந்தது. வஜ்ரபாகுவிலேயே அதிகம் பேர் வேலை செய்த பிரிவு அதுதான். ஓர் இரும்பு நாற்காலியில் முனிவேலை உட்கார வைத்து, இடுப்பையும் தொடையையும் பெல்ட்டால் கட்டினார்கள். பெருவிரல்தான் முதல் சென்சார், குதிகால்தான் இரண்டாவது சென்சார் என்று அங்கே ஒரு கொள்கை. இரண்டுக்கும் அடியில் தராசு வைத்து மிதிக்கச் சொன்னார்கள். பெருவிரல் பதினான்கு கிலோ காட்டியது, குதிகால் ஒன்பது. சரிபாதி வரவில்லை. உலகத்தில் எந்த மனிதனுக்கும் வராது. ஆனால் அதை அங்கே சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போனவர்கள்.

திருத்தும் வேலை ரப்பர்ச் சுத்தியலில் ஆரம்பித்தது. முப்பது அடி. பிறகு பித்தளைச் சுத்தியலில் பத்து. ஏழாவது அடியில் பெருவிரல் நகம் கழன்று தெறித்து, அடித்தவரின் சட்டைப்பையில் விழுந்தது. அவர் அதைப் பத்திரமாக எடுத்து, கழற்றிய பாகங்கள் போடும் தட்டில் வைத்து, ரசீதும் போட்டார். முனிவேல் போட்ட கூச்சல் நெடுஞ்சாலைவரை கேட்டது. வலி ஒரு பக்கம் இருக்க, இவ்வளவு பேர் இவ்வளவு சிரத்தையோடு அடிக்கிறார்களே, ஒருவேளை காலில்தான் ஏதாவது இருக்குமோ என்ற சந்தேகம் அவனுக்கு அப்போதுதான் முதல்முறையாக வந்தது. நாசமாய்ப்போன சந்தேகம். இந்த மாதிரி இடங்கள் எல்லாம் அதை நம்பித்தான் நடக்கின்றன.

கிளம்பும்போது வாடிக்கையாளர் கருத்துப் படிவம் ஒன்றை நீட்டினார்கள். 'அடியின் தரம்: மிக நன்று, நன்று, இன்னும் அடிக்கலாம்.' முனிவேல் மிக நன்று என்பதில் டிக் போட்டான். மூன்றாவதில் போட அவனுக்கென்ன பைத்தியமா?

கால் திருத்தப்பட்டதாகச் சான்றிதழ் கிடைத்தது. பஸ் கிடைத்தது. அதே பெடல், அதே களிம்பு.

வியாழக்கிழமை போச்சம்பள்ளிக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரியை முந்தும்போது எஞ்சின் மறுபடியும் செத்தது. எதிரில் டேங்கர். முனிவேல் ஸ்டீயரிங்கை முறித்து இறக்கியதில் பஸ் புளியமரத்தில் போய் மோதி நின்றது. மூன்று பெண்களுக்கு மண்டை உடைந்தது, ஒருத்திக்குக் கை. ஓடிவந்த கூட்டம் அவனை அடிக்கக் கை ஓங்கியது. அவன் அவசரமாகச் சான்றிதழை எடுத்து நீட்டினான். ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு அதை முழுவதும் படித்தார். 'கால் நல்ல நிலையில் உள்ளது' என்று இருந்தது.

"கால் நல்லாருக்குதாம்பா. அப்ப வேணும்னேதான் பண்ணிக்கிறான்" என்றார். பிறகு விழுந்த அடி முன்பைவிட மூன்று மடங்கு.

இரண்டு விபத்து ஆனதால் விவகாரம் மேலே போயிற்று. மூலகாரண விசாரணைக் குழு கூடியது. அதற்குத் தலைவர் மண்டலத் தொழில்நுட்பத் தலைவர் திம்மப்பன். பாகலூர்ப் பக்கம் பிறந்து பெங்களூரில் பெரிய ஆளானவர். அவருடைய வலது கால்தான் வஜ்ரபாகுவின் மாதிரிக் கால். நிறுவனத்தின் பெடல்கள் எல்லாம் அந்தக் காலை வைத்துத்தான் அளவெடுக்கப்பட்டவை. ஆகையால் அதை அவர் நடப்பதற்குப் பயன்படுத்துவதில்லை. சிவப்பு வெல்வெட் உறை போட்டு வைத்திருந்தார். இரண்டு பேர் தாங்கிக்கொள்ள, இடது காலால் குதித்துக் குதித்து மேடைக்கு வந்தார். எல்லோரும் எழுந்து நின்று முதலில் காலுக்கும் பிறகு அவருக்கும் வணக்கம் சொன்னார்கள்.

"நோடப்பா" என்று பாதிக் கன்னடத்தில் ஆரம்பித்தார் திம்மப்பன். "நம்ம கம்பெனிக்கு இருபத்திரெண்டு வருஷம். நாப்பதாயிரம் வண்டி ரோட்டுல ஓடுது. நாப்பதாயிரம் பெடல்ல ஒண்ணுகூட தப்பு பண்ணதா ரெக்கார்டு இல்ல. ஏன்னா அந்த ரெக்கார்டை நாங்கதான் எழுதறோம். ஆனா நாப்பதாயிரம் டிரைவரும் தப்பு பண்ணியிருக்காங்க. அதுக்கு ரெக்கார்டு இருக்கு. அதையும் நாங்கதான் எழுதறோம். ஒரே கை எழுதின ரெண்டு ரெக்கார்டும் ஒத்துப்போகுது. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்? அர்த்தம் ஆயித்தா?"

கைதட்டல் ஓய்ந்ததும் ரூபா எழுந்தாள். வேலை போய்விடும் என்று தெரிந்தேதான் எழுந்தாள். மல்டிமீட்டரை மேசைமேல் வைத்து, பஸ்ஸிலிருந்து கழற்றிவந்த பெடலுக்கு ஒரு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்து, அதன் இரண்டு வயர்களைத் தொட்டுக் காட்டினாள். ஒன்று இரண்டு வோல்ட் காட்டியது, இன்னொன்று இரண்டுக்கும் முக்காலுக்கும் நடுவில் குதித்துக்கொண்டிருந்தது. "இது இப்பிடி இருக்குது, அவரு காலை அடிச்சு என்னங்க சார் ஆவப்போவுது?" என்றாள்.

திம்மப்பன் மீட்டரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன படிச்சிருக்கு?"

"மீட்டருங்க சார்."

"நம்ம கம்பெனி தயாரிப்பா?"

"இல்லீங்க."

"வெளியாள். நம்மமேல பொறாமை இருக்கும்." பித்தளைச் சுத்தியலை வாங்கி மூன்றே அடியில் மீட்டரைத் தூளாக்கினார். "இப்ப எவ்ளோ வோல்ட்டு காட்டுது? ஒண்ணும் காட்டல. பிரச்னை முடிஞ்சுது." ரூபாவை இரண்டு பேர் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்கள். அவள் கதவில் மோதி, புருவம் கிழிந்து கீழே விழுந்தாள். ஒரு மூலையில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த முனிவேலுக்குத் தன் அடிகளைவிட அது அதிகமாக வலித்தது.

பழுது காலில்தான் என்பது முடிவான பிறகு, காலில் எங்கே என்ற கேள்வி மிஞ்சியது. பெருவிரல்தான் என்றார் ஓசூர்க் கிளை நிபுணர். குதிகால்தான் என்றார் தர்மபுரிக் கிளை நிபுணர். இருவரும் படித்தவர்கள் என்பதால் முதலில் கோப்பைகளை எறிந்துகொண்டார்கள். பிறகு நாற்காலிகள் பறந்தன. ஓசூர் நிபுணர் தர்மபுரி நிபுணரின் காதைக் கடித்து ஒரு துண்டை மேசைமேல் துப்பினார். தர்மபுரிக் கோஷ்டி அவரைத் தரையில் போட்டு விலாவில் மிதித்தது. குழு உறுப்பினர்களில் யார் யாரை அடிக்கிறார் என்றே தெரியவில்லை. வாய்ப்பை விடாமல் பலர் பழைய கணக்கையும் தீர்த்துக்கொண்டார்கள். பிரதாப் மூக்கில் வழிந்த ரத்தத்தை ஒரு கையால் துடைத்துக்கொண்டே மறு கையால் குறிப்பேட்டில் எழுதினார்: 'கருத்துப் பரிமாற்றம் உற்சாகமாக நடைபெற்றது.'

கடைசியில் திம்மப்பன் தீர்ப்புச் சொன்னார். பெடல் நல்லது என்பதை மாதிரிக் காலை வைத்து அவரே ஓட்டிக் காட்டுவார். பெடலைத் திரும்ப பஸ்ஸில் மாட்டினார்கள். வெல்வெட் உறை கழன்றது. பூவைப் போல வெளுத்த அந்தக் காலைப் பார்த்துச் சிலர் கண் கலங்கினார்கள்.

முனிவேல் கெஞ்சினான். "வேணாங்க சார். வெளிய ஹைவே மேம்பாலத்து மேட்டுல செத்துரும் சார். பின்னாடி கண்டெய்னருங்க வரும். நான் சொல்றதைக் கேளுங்க சார்." இப்படிப் பேசியதற்காக அவனை அடித்து, கெட்ட கால் நல்ல பெடலுக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று பஸ்ஸின் நடுவில் ஒரு சீட்டோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள். குழு மொத்தமும் ஏறிக்கொண்டது. காது போனவரும் ஏறினார்.

மேம்பாலத்தின் முக்கால் தூரத்தில் எஞ்சின் செத்தது. திம்மப்பன் மிதித்தார். மாதிரிக் காலால், நாற்பதாயிரம் பெடல்களுக்கும் அளவு கொடுத்த காலால், எழுந்து நின்று மிதித்தார். கண்டெய்னர் லாரி வந்த வேகத்தில் பஸ்ஸைத் தூக்கித் தடுப்புச்சுவரில் அறைந்தது. முன்பக்கம் தகர டப்பாவாக நசுங்கியது. குழுவினர் கண்ணாடி வழியாக ஒவ்வொருவராகச் சாலையில் போய் விழுந்தார்கள். கட்டிப்போட்டிருந்ததால் முனிவேல் மட்டும் சீட்டிலேயே இருந்தான்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தான். திம்மப்பனின் கால் முழங்கால்வரை இரும்புக்குள் சிக்கியிருந்தது. அவர் முனிவேலின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அலறினார்.

"மிதிச்சேனப்பா! முழுசா மிதிச்சேன்! அது கேக்கல!"

"தெரியுங்க சார்" என்றான் முனிவேல். நெம்புகோல் போட்டு இரும்பை நிமிர்த்தி அவரை வெளியே எடுத்தான். கால் பாதிதான் வந்தது. அவனுக்கு அவர்மேல் அப்போது கோபமே இல்லை. உண்மை தெரிந்த இன்னொரு ஆள் கிடைத்துவிட்டார் என்று சந்தோஷம்கூடப் பட்டான், பாவி.

அந்த உண்மை ஆஸ்பத்திரிக்குப் போய் மயக்கம் தெளிகிறவரைதான் இருந்தது. கண் விழித்ததும் திம்மப்பன் கட்டிலில் இருந்தபடியே குழுவைக் கூட்டினார். கை கால் கட்டுகளோடு எல்லோரும் வந்தார்கள். பெடல் தப்பு செய்யாது. மாதிரிக் காலும் தப்பு செய்யாது. இரண்டும் தப்பு செய்யாத இடத்தில் விபத்து நடந்தது எப்படி? பஸ்ஸுக்குள் மூன்றாவதாக ஒரு கால் இருந்தது. முனிவேலின் கால். அதன் பழுது, கட்டிப்போட்டும் அடங்காமல், எட்டடி தள்ளி இருந்த மாதிரிக் காலுக்குத் தொற்றிவிட்டது. மருத்துவ உலகம் இன்னும் கண்டுபிடிக்காத இந்த நோயைக் கண்டுபிடித்ததற்காக திம்மப்பனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. மூலகாரணத்தை இனி அடித்துத் திருத்துவதில் பயனில்லை, நீக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பட்டறையில் இரும்பை இறுக்கிப் பிடிக்கிற வைஸில் முனிவேலின் வலது பாதத்தை வைத்து முறுக்கினார்கள். நான்கு பேர் அவனைப் பிடித்துக்கொண்டார்கள், இரண்டு பேர் கைப்பிடியைச் சுற்றினார்கள். பெருவிரலும் அடுத்த விரலும் போயின. அவன் சாமியைக் கூப்பிட்டான், அம்மாவைக் கூப்பிட்டான், கடைசியில் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல் பிரதாப்பையே காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டான். பிரதாப் தட்டை நீட்டி, "கழட்டின பாகத்தைத் தொலைச்சுராதீகப்பா" என்றார்.

பஸ்ஸுக்கு ஒட்டுப்போட்டுப் பெயின்ட் அடித்தார்கள். இவ்வளவு பெரிய மோதலில் பெடலுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை நிறுவனம் படம் எடுத்து விளம்பரம் செய்தது. அதே பெடல் அதே இடத்தில் மாட்டப்பட்டது.

பதினைந்து நாள் கழித்து, ஒரு காலைப்பொழுதில், ஊத்தங்கரைக்கு வெளியே பெண்கள் டிபன் டப்பாக்களோடு காத்திருந்தார்கள். ஓட்டினால்தான் சம்பளம் என்று காண்ட்ராக்டர் சொன்னதால், முனிவேல் கட்டுப்போட்ட காலோடு குதிகாலால் மிதித்து பஸ்ஸை அதுவரை கொண்டுவந்திருந்தான். கதவைத் திறந்தான். பெண்கள் படியில் கால் வைத்தார்கள்.

"ஏறாதீங்க" என்றான்.

மாதேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். அவன் இந்தக் கதையில் உத்தரவுபோலச் சொன்ன முதல் வார்த்தை அது.

"ஏறாதீங்கம்மா. இது உங்களைக் கொன்னுரும். நான் இதை ஓட்டமாட்டன். ஆனா நான் ஓட்டலன்னா பத்து மணிக்கு வேற ஆளை அனுப்புவாங்க. அவன் காலையும் எடுத்துட்டு அதுக்கப்புறம் வேற ஆளு." சொல்லிக்கொண்டே அவன் அழுதான். "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

மாதேஸ்வரிக்குத் தெரிந்தது. டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவினாள். "நவுருங்கண்ணா" என்றாள். முதல் அடியில் பெடலின் மூடி பிளந்தது. போன பல்லுக்காக இன்னொன்று போட்டாள். ரஞ்சிதா தோள்கட்டை அவிழ்த்து எறிந்துவிட்டு வந்து கம்பியை வாங்கினாள். பிறகு வரிசை கட்டி, அவசரப்படாமல், தொழிற்சாலையில் ஷிப்ட் மாற்றுகிற ஒழுங்கோடு முப்பத்தெட்டுப் பேரும் ஆளுக்கு ஓர் அடி அடித்தார்கள். ஸ்பிரிங் பறந்தது, சென்சார் தூளானது, கனெக்டர் பச்சையும் மஞ்சளுமாக நசுங்கியது. மண்டை உடைந்தவளின் மாமியாரும் வேடிக்கை பார்க்க வந்த இடத்தில் ஓர் அடி அடித்துவிட்டுப் போனார்.

பஸ்ஸை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு முனிவேலும் மாதேஸ்வரியும் சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். ஜெயில்தான் என்று அவன் முடிவுசெய்திருந்தான். பிரதாப் குனிந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"ஒடஞ்சுபோச்சா! அடப்பாவி, இதை மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா? பழுதானதை மாத்தத்தான்யா விதி இல்ல. ஒடஞ்சதுக்குப் பதிலா புதுசு விக்கிறதுக்கு தாராளமா இருக்கு. இதுல கம்பெனி மேல ஒரு குத்தமும் இல்லையே!"

முனிவேல் தன் கட்டுப்போட்ட காலைப் பார்த்தான்.

அரை மணி நேரத்தில் புதுப் பெடலும் புது கனெக்டரும் மாட்டியாயிற்று. படிவத்தில் ஒரு கட்டம் பாக்கி இருந்தது. உடைத்தது எது? அச்சிட்ட விடை ஒன்றுதான் இருந்தது: கால்.

"யார் கால்?" என்றார் பிரதாப்.

மாதேஸ்வரி வாயைத் திறந்தாள். அதற்குள் முனிவேல் முந்திக்கொண்டான். "என் காலுங்க. வலது கால்."

பிரதாப் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வஜ்ரபாகு பெடலையே உடைக்கிற கால் என்றால் அது பலவீனமான காலாக இருக்க முடியாது அல்லவா? எனவே விதிப்படி கூடவே ஒரு சான்றிதழும் அச்சாகி வந்தது: 'முனிவேல், வலது கால், பழுதில்லை.' பெடல் சரியாகிவிட்டது, இனி இரண்டு விரல் இல்லாதவனுக்கு வண்டி கொடுக்க முடியாது என்று காண்ட்ராக்டர் அன்று மாலையே வேறு டிரைவரைப் போட்டார்.

மறுநாள் காலை முனிவேல் மத்தூர் மேட்டுக்குக் கீழே சாலையோரம் வந்து நின்றான். யாரும் வரச்சொல்லவில்லை. ஆறேகாலுக்கு பஸ் வந்தது. முப்பத்தெட்டுத் தலைகளையும் ஒன்று விடாமல் எண்ணினான். பின்னால் ஒரு டிப்பர் ஒட்டிக்கொண்டே வந்தது. பஸ் மேட்டில் ஏற ஆரம்பித்ததும் அவன் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. வலி உச்சந்தலைக்கு ஏறியது, கட்டு நனைந்து சிவந்தது. பஸ் மேடேறி அந்தப் பக்கம் இறங்கும்வரை அவன் காலை எடுக்கவில்லை.